சிரப்பக்கா சொன்ன கம்பெனிக் கதை

மருந்துக் கம்பெனியின் பெரிய வாசலுக்கு இடது கைப்பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பார்வையாளர் கூடம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், நர்ஸ் படிக்கிற பெண்கள், கடல் தாண்டி வருகிற கோட்டுப் போட்ட மனிதர்கள் என்று யார் வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துப் போவார்கள். வந்தவர்களுக்குக் கம்பெனி பிறந்து வளர்ந்த கதையைச் சொல்வதற்கென்றே ஒரு பெண் வேலையில் இருந்தாள். சம்பளச் சீட்டில் அவளுக்கு வேறு பெயர். ஆனால் வாசல் காவலாளியிலிருந்து கேன்டீனில் தேநீர் ஊற்றுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் சிரப்பக்காதான்.

அவள் அந்த வேலைக்குப் படித்து வந்தவள் இல்லை. முதலில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குகிற பிரிவில் இருந்தாள். கை பெட்டியை மடிக்கும், வாய் கதை சொல்லும். ஓடிப்போன பூனைக்குட்டி கதை, பக்கத்து வீட்டுக்காரர் மனைவிக்குப் பயந்து மாடியில் ஒளிந்த கதை, எதை எடுத்தாலும் அவள் வாயில் அது உயிரோடு எழுந்து நடக்கும். இடைவேளை மணி அடித்ததுகூடத் தெரியாமல் அந்த வரிசைப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுத் திட்ட வந்த மேலாளர் அம்மா, பாதிக் கதையில் திட்டினால் முடிவு தெரியாமல் போய்விடுமே என்று நின்று முழுதும் கேட்டுவிட்டுத்தான் திட்டினார். அடுத்த மாதமே அவளைப் பார்வையாளர் கூடத்துக்கு மாற்றிவிட்டார்.

கம்பெனிக் கதையை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மாமனும் மச்சானும் சேர்ந்து சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மச்சானின் கைக்குழந்தைக்கு நெஞ்சு நிறையச் சளி. ஊர்ப்பட்ட வைத்தியமும் பார்த்தாயிற்று. கடைசியில் மாமன் ஏதோ மரப்பட்டையையும் தேனையும் போட்டு, சோப்புக் காய்ச்சிய அதே செப்புக் கொப்பரையில் கஷாயம் வைத்தார். கொப்பரையைச் சரியாகக் கழுவவில்லை. "பாப்பா இருமினா வாயிலேர்ந்து சோப்புக் குமிழி வருது!" என்று அவள் உதட்டைக் குவித்துக் காட்டும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். இரண்டாம் தடவை கழுவிவிட்டுக் காய்ச்சினார்கள். இருமல் நின்றது. அந்த நிஜக் கொப்பரை கூடத்தின் நடுவில் கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் ஒரு கரண்டியை எடுத்துக் காலிக் கொப்பரையில் முக்கி, கசப்புச் சிரப்பைக் குடித்த குழந்தையைப் போல முகத்தைச் சுளிப்பாள். பெயர் வந்தது அப்படித்தான்.

பிறகு கதை வேகம் பிடிக்கும். சிரப் பாட்டில் ஊரெல்லாம் விற்றது. வேறொருவன் அதே லேபிளை அச்சடித்து ஒட்டினான். கோர்ட்டுக்கு வழக்குப் போனது. நீதிபதிக்கு அன்றைக்கு நல்ல இருமல். இரண்டு பாட்டிலையும் குடித்துப் பார்த்து, எது இருமலை நிறுத்தியதோ அதற்கே தீர்ப்பெழுதினார் என்பாள். இது கொஞ்சம் அவள் சேர்த்த சரக்கு. அடுத்து, வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த ஒரு காய்ச்சல் காலம். அப்போது கம்பெனி ஓர் ஊசி மருந்தைக் கண்டுபிடித்தது. அந்த இடத்தில் மட்டும் அவள் கை கால் ஆட்ட மாட்டாள், குரலையும் தாழ்த்திக்கொள்வாள். அவளுடைய அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த ஊசியால்தான் பிழைத்தாள். "அந்த ஊசி இல்லேன்னா எங்கம்மா இல்ல, எங்கம்மா இல்லேன்னா இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல நானும் இல்ல" என்பாள். அது சேர்த்த சரக்கு இல்லை.

கடைசியாகச் சுவரில் இருந்த உலகப் படத்தில் ஒரு பொத்தானை அழுத்துவாள். கம்பெனிக்குத் தொழிற்சாலையும் அலுவலகமும் உள்ள நாடுகளிலெல்லாம் சின்னச் சின்ன விளக்குகள் எரியும். கொட்டகைக்காரர்களின் பேரன் காலத்தில் பங்குகள் கைமாறி, தலைமை அலுவலகம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதையும் பெருமையாகவே சொல்வாள்.

அவள் கதையில் ஒரே ஒரு வழக்குதான் உண்டு, அதில் கம்பெனி ஜெயித்தது. நிஜத்தில் வேறு வழக்குகளும் இருந்தன. ஒரு தூக்க மருந்தைப் பற்றி ஒன்று. மற்றக் கம்பெனிகளோடு கூடிப் பேசி விலையை ஏற்றியதாக இன்னொன்று. கேன்டீனில் அரசல்புரசலாகப் பேசிக்கொள்வார்கள். அதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மூத்த தாரத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

அந்தக் கேன்டீனில்தான் அவள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மாத்திரைகளுக்கு மேல்பூச்சுப் பூசும் பிரிவில் இருந்தார். சாய்வாகச் சுழலும் பெரிய உருளிகளில் மாத்திரைகள் உருண்டுகொண்டே இருக்கும். சர்க்கரைப் பாகில் நிறம் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சூடான காற்றை விட்டுக் காயவைக்க வேண்டும். எத்தனை உறை போட்டாலும் நகக்கண்ணில் நிறம் ஏறிவிடும். ஒரு வாரம் ரோஜா நிறம், ஒரு வாரம் நீலம். எல்லோரும் அவரை வர்ணம் என்று கூப்பிட்டார்கள். அவள் முதல் தடவை பேசியதே அவர் விரலைப் பார்த்துத்தான்.

"என்ன சார், இந்த வாரம் கர்ப்பிணிங்க இரும்புச்சத்து மாத்திரையா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தட்டுல இருக்கற ரொட்டியெல்லாம் சிவந்துபோச்சே."

மனிதர் வெட்கப்பட்டுக் கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார். சிரப்பக்காவுக்கு அந்த வெட்கம் பிடித்துப்போயிற்று. அவர் அதிகம் பேசமாட்டார், அவள் பேச்சை நிறுத்தமாட்டாள். "மூடியும் டப்பாவும் மாதிரி" என்று வர்ணத்தின் அக்கா சொன்னாள். கல்யாணம் நடந்தது. பிள்ளை குட்டி இல்லை. ஆரம்பத்தில் அதற்காக வருத்தப்பட்டார்கள். பிறகு, ஒருவரையொருவர் வளர்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். மூன்றாம் மாடியில் சின்ன வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையை முழுதாகச் சுற்றி நடப்பார்கள். அவள் பேசிக்கொண்டே வருவாள், அவர் "ம்" கொட்டிக்கொண்டே வருவார். எங்கே "ம்" கொட்ட வேண்டும், எங்கே "அடடே" சொல்ல வேண்டும் என்பதில் அவருக்கு ஈடில்லை.

சிமெண்டுத் தரையில் நின்று நின்று வர்ணத்தின் முழங்கால் தேய்ந்தது. முதலில் ஏரிக்கரை பாதியாயிற்று. பிறகு வீட்டு மாடிப்படியே மலையாயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் எதையோ ஆராய்கிறவரைப் போல நடிப்பார். சிரப்பக்காவும் கூடவே நின்று, "ஆமாங்க, சுண்ணாம்பு உதிருதுதான்" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி மஞ்சள் மாத்திரையைக் கொண்டுவந்தது. மூட்டு வலிக்கு. வயிற்றைக் கெடுக்காது, தூக்கம் வராது. பெரிய விளம்பரம், பெரிய விற்பனை. விளக்கு எரிந்த அத்தனை நாடுகளிலும் மூட்டு வலிக்காரர்கள் வாங்கினார்கள். தொழிலாளிகளுக்குக் கம்பெனி மருத்துவரே இலவசமாகக் கொடுத்தார். வர்ணத்தின் நகக்கண் மாதக்கணக்கில் மஞ்சளாகவே இருந்தது. கூடத்தில் பந்து அளவுக்கு ஒரு மஞ்சள் மாத்திரை செய்து வைத்தார்கள். பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டன.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முழங்காலைப் பொறுத்தவரை அந்த மாத்திரை பொய் சொல்லவில்லை. கொஞ்ச நாளிலேயே வர்ணம் மாடிப்படியை நிற்காமல் ஏறினார். ஏரிக்கரை மறுபடியும் முழுதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வாய்க்காலைத் தாண்டிக் குதித்தார். "என்ன இது, வயசு பின்னாடி போகுதா?" என்று அவள் சத்தம் போட்டாள். ஆனால் அன்று முழுவதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் காலையில் அவளே மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரோடு நீட்டுவாள். அவர் மறந்தாலும் அவள் மறந்ததில்லை.

அந்த வருடம் வெளிநாட்டு விருந்தாளிகள் அதிகம் வந்ததால், காதில் மாட்டிக் கேட்கிற மாதிரி கதையை ஒலிப்பதிவு செய்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து அவள் பேசினாள். மஞ்சள் மாத்திரை பகுதி வந்ததும் மேலாளர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த இடத்துல, இதயத்துக்கு ஒரு தொந்தரவும் தராத மாத்திரைன்னு ஒரு வரி சேர்த்துடுங்க."

"இதுக்கு முன்னாடி அப்படிச் சொல்லலையே மேடம். இது புதுசா?"

"மேலேருந்து சொல்லச் சொன்னாங்க. உங்க பாணியில அழகாச் சொல்லுங்க."

அழகாகச் சொன்னாள். "மூட்டைத் தேடிப் போய்த் தடவிக்கொடுக்கும், இதயத்தை எட்டிக்கூடப் பார்க்காது" என்றாள். ஒலிப்பதிவுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த வரியில் அவளுக்கே ஒரு கர்வம். அன்று மாலை வீட்டில் சொல்லிக் காட்டினாள். "அடடே" என்றார் வர்ணம்.

பின்னொரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது, வர்ணம் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ போயிட்டிரு, நான் கொஞ்சம் இருந்து வரேன்" என்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை.  சிரப்பக்கா எதிர்வீட்டுக் கதவைக் கையால் அறைந்து திறக்கவைத்து, ஆட்களைக் கூட்டி, அவரை நாற்காலியில் உட்காரவைத்தே மூன்று மாடியும் இறக்கிக் கொண்டுபோனார்கள்.

மாரடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவே ஆஸ்பத்திரியில் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். இதயத்தில் ஒரு பகுதி இனி வேலை செய்யாது என்றார்கள். வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்டபோது, அவள் கைப்பையிலிருந்து மஞ்சள் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். மருத்துவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை இன்னியோட நிறுத்திடுங்க" என்று மட்டும் சொன்னார். 

வர்ணம் வீடு திரும்பிச் சில வாரங்களில் செய்தி வந்தது. மஞ்சள் மாத்திரையை உலகம் முழுவதும் திரும்பப் பெறுகிறார்கள். நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு இதயக் கோளாறு வருவதாகத் தெரிந்திருக்கிறது. அது கம்பெனிக்கு முன்பே தெரியும் என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளில் வழக்குப் போட்டார்கள்.

வர்ணத்தின் அக்கா துணைக்கு வந்திருந்தாள். வாய் கத்தி, மனசு வெண்ணெய். தம்பிக்குப் புதிதாகக் கொடுத்திருந்த இதய மாத்திரை அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவள், திடீரென்று ஒரு கத்துக் கத்தினாள்.

"அடி, இங்க பாருடி! இதுவும் அதே கம்பெனி மருந்துதான்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறானுங்களே!"

வர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் நெஞ்சு வலித்தது, வலித்தாலும் சிரித்தார். சிரப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் வேறு கம்பெனி மாத்திரை கிடைக்குமா என்று கேட்டாள். அவருக்கு இதுதான் நன்றாக ஒத்துக்கொள்கிறது, இது நல்ல மருந்து, பயப்படாமல் கொடுங்கள் என்றார்கள். நிஜமாகவே நல்ல மருந்துதான். தினமும் காலையில் அதை அவர் உள்ளங்கையில் வைத்த பிறகும் அவள் விரலை எடுக்கமாட்டாள். அவர் அந்த விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். "வெச்சுட்ட இல்ல, விடு" என்பார். பிறகு விழுங்குவார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கூடத்தில் மஞ்சள் பந்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். காதில் மாட்டும் கருவிகளையும் காணோம். மேலாளர் அம்மா அவள் தோளைத் தொட்டு, வீட்டுக்காரர் உடம்பை விசாரித்துவிட்டு, "அந்தப் பகுதியை மட்டும் விட்டுடுங்க. ஊசி மருந்துலேருந்து நேரா உலகப் படத்துக்குப் போயிடுங்க" என்றார். பாவம், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அன்று வந்த பிள்ளைகளோடு ஓர் ஆசிரியை இருந்தார். போன வருடம் வந்தவர்.

"இங்க மஞ்சளா பெரிய உருண்டை ஒண்ணு இருந்துதே?"

"அதுங்களா... பழுது பார்க்கக் கொடுத்திருக்கோம்" என்றாள் சிரப்பக்கா.

சொல்லி முடித்ததும் வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது. இத்தனை காலம் கதையில் எத்தனையோ சரக்குச் சேர்த்திருக்கிறாள். ஒன்றுகூட இப்படிக் கசந்ததில்லை.

ஒரு மாலையில் பெண் வக்கீல் ஒருவர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட வழக்கை நடத்துகிறவர். வர்ணமும் அதில் சேர வேண்டும் என்று கேட்டார். வர்ணம் தலையை ஆட்டிவிட்டார்.

"வேண்டாங்க. அவங்க போட்ட சோத்தைத்தான் இத்தனை வருஷம் தின்னேன். அதுவுமில்லாம, அந்த மஞ்சளைப் பூசினதே என் கைதானே? பூசினவனே போய் நஷ்டஈடு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"உப்பிட்டவரை நினைக்கணும்தான். உப்போட சேர்த்து மண்ணையும் போட்டவனை என்னடா நினைக்கறது?" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

வக்கீல் வற்புறுத்தவில்லை. சிரப்பக்காவின் பக்கம் திரும்பினார். "அம்மா, இன்னொண்ணு உங்களைக் கேட்கணும். 'எங்களுக்குச் சந்தேகம் வந்ததுமே இதயத்துக்குத் தொந்தரவில்லேன்னு சொல்றதை நிறுத்திட்டோம்'னு கம்பெனி கோர்ட்டுல சொல்லுது. ஆனா அவங்களுக்குச் சந்தேகம் வந்ததுக்கு அப்புறம் பதிவு செஞ்ச ஒரு குரல் அந்தக் கூடத்துல வந்தவங்க காதுல கேட்டுக்கிட்டிருந்திருக்கு. அது உங்க குரல்தானே?"

அந்த வரி அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. எப்படி வராமல் இருக்கும்? அவளுக்குக் கர்வம் தந்த வரி. இதயத்தை எட்டிக்கூடப் பார்க்காது.

"நீங்க கோர்ட்டுக்கு வந்து, எப்போ பேசினீங்க, யார் பேசச் சொன்னாங்கன்னு சொன்னா போதும். ஆனா வேலை..." என்று இழுத்தார் வக்கீல். 

அடுத்த சில நாட்கள் சிரப்பக்கா வாயைத் திறக்கவில்லை. வீடே காது கேட்காமல் போன மாதிரி ஆயிற்று. வர்ணம் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவரே பேச்சைத் தொடங்கினார். அதுவே அதிசயம்.

"நீ போய்ச் சொல்லிட்டு வா."

"நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"நான் கேஸ் போட மாட்டேன்னுதான் சொன்னேன். உன்னை மறைக்கச் சொன்னேனா?"

அவள் கையிலிருந்த சட்டையை மடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றாள். "என் கையால தினமும் எடுத்துக் கொடுத்தேங்க" என்றாள். அதுவரை அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "நீங்க மறந்தாக்கூட நான் மறக்கலையே. ஒரு நாளாவது மறந்திருக்கக் கூடாதா?"

வர்ணம் மெதுவாக எழுந்து வந்து சட்டையின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதை மடித்தார்கள்.

"அந்த ரெண்டு வருஷம் நடந்தேன் இல்ல? வாய்க்காலைத் தாண்டினேன் இல்ல? நீ கொடுத்ததுல அதுவும் இருக்கு" என்றார்.

நீதிமன்ற அறை உயரமான கூரை போட்டது. பேசினால் குரல் மேலே போய்ச் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். பின்வரிசையில் வர்ணமும் அவர் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் மாத்திரையால் யாரையாவது பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சிரப்பக்கா சாட்சிக் கூண்டில் ஏறி நின்றதும் ஒலிப்பதிவைப் போட்டார்கள்.

சோப்புக் கொட்டகை வந்தது. மாமனும் மச்சானும் வந்தார்கள். குழந்தை குமிழி விட்டது. அத்தனை துக்கத்திலும் ஓரிருவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நீதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரப்பக்கா தன் குரலை வெளியே இருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. எவ்வளவு பிரியமாகப் பேசுகிறாள் இந்தப் பெண் என்று தோன்றியது. கூப்பிட்டால் எந்தக் குழந்தையும் பின்னாலேயே போய்விடும். பிறகு அந்த வரி வந்தது. 

எப்போது பதிவு செய்தது, யார் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது என்று கேட்டதற்கெல்லாம் உள்ளபடி சொன்னாள். கம்பெனி வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர்.

"அம்மா, அதை நீங்க நம்பித்தானே சொன்னீங்க?"

"நம்பித்தான் சொன்னேன். நம்பாம இருந்திருந்தா இவ்வளவு நல்லாச் சொல்லியிருக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரருக்கும் அதே நம்பிக்கையிலதான் கொடுத்தேன்."

"அப்போ கம்பெனி மேல உங்களுக்குக் கோபம். அதனாலதான் இங்க வந்திருக்கீங்க."

சிரப்பக்கா பின்வரிசையில் இருந்த வர்ணத்தைப் பார்த்தாள். "எங்கம்மா பொழைச்சது உங்க ஊசியாலங்க. அவர் இன்னிக்குக் காலையில முழுங்கிட்டு வந்ததும் உங்க மாத்திரைதான். நீங்க நல்ல மருந்தும் செய்வீங்கன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனாலதானே நீங்க சொன்னதை நம்பினோம். கோபத்தைவிட அதுதான் வலிக்குது."

மேற்கொண்டு கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில், சாம்பல் நிற உடை போட்ட ஒரு வயதான அம்மா அவளை வழிமறித்தார்.  திட்டப்போகிறார், திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று சிரப்பக்கா நின்றாள். அந்த அம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க குரல் எனக்குத் தெரியும்மா. நானும் எங்க வீட்டுக்காரரும் அந்தக் கூடத்துக்கு வந்தோம். ஆளுக்கொண்ணு காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டோம். சோப்புக் குமிழி வந்தப்போ அவர் சத்தமாச் சிரிச்சிட்டாரு. காதுல மாட்டியிருந்ததுனால எவ்வளவு சத்தம்னு அவருக்கே தெரியலை. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க." பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினார். "அதுக்கப்புறம் ரொம்ப நாள் இருக்கலை. இன்னிக்கு மறுபடியும் அது வந்ததும், பக்கத்துல அவர் சிரிக்கற மாதிரியே இருந்துது."

சிரப்பக்கா அந்த அம்மாவின் கைக்குள்ளேயே தன் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வர்ணம் இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பினார்கள். மாடிப்படியின் முதல் திருப்பத்தில் அவர் நின்றார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

"அந்த வக்கீல் அம்மா எங்க கையெழுத்துப் போடச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அப்பாடி, என் தம்பிக்கு இப்பதான் மூளையில மாரடைப்பு சரியாச்சு" என்றாள் அக்கா கீழ்ப்படியிலிருந்து.

வழக்கு இழுத்தது. கடைசியில் கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொண்டது. தப்பு எங்களுடையது என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்தச் சாம்பல் உடை அம்மாவுக்கு அதில்தான் ஆறாத வருத்தம். "காசு யாருக்கு வேணும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவரும் சிரப்பக்காவும் அதற்குப் பிறகு அடிக்கடி பார்த்துக்கொண்டார்கள். வந்த பணத்தில் வர்ணமும் சிரப்பக்காவும் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு மாறினார்கள். கம்பெனி வேறொரு கம்பெனியோடு சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டது. இருமல் சிரப் இன்னும் விற்கிறது. பார்வையாளர் கூடத்தை மூடிவிட்டார்கள். கொப்பரை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

சாட்சி சொன்ன பிறகு சிரப்பக்காவை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. பழையபடி பெட்டி அடுக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இப்போது எல்லாம் இயந்திரம், கதை கேட்க ஆளில்லை. அவளே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கடைசி நாளன்று மேலாளர் அம்மா வாசல்வரை வந்தார். "நான்தான் அந்த வரியைச் சொல்லச் சொன்னேன்" என்றார். "உங்களுக்கும் யாரோ சொல்லித்தானே மேடம்" என்றாள் சிரப்பக்கா.  பிறகு மேலாளர் அம்மா, அந்த மாடியில் ஒளிந்த பக்கத்து வீட்டுக்காரர் கடைசியில் இறங்கி வந்தாரா என்று கேட்டார். வந்தார் என்று இவள் சொன்னாள்.

இப்போது அவள் பேருந்து நிலையத்தில் வண்டிகளை அறிவிக்கிற வேலையில் இருக்கிறாள். எழுதியதை அப்படியே வாசிக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு அது முடிந்தால்தானே. வண்டி தாமதம் என்றால், "தாமதமாகத்தான் வருது, ஆனா கட்டாயம் வருது, உட்காருங்க" என்பாள். ஏன் தாமதம் என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்லிவிடுவாள். முதலில் நிலைய அதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். பயணிகள் சண்டைக்கு வருவது குறைந்ததைப் பார்த்துவிட்டு அவரும் கண்டுகொள்வதில்லை.

சாயங்காலங்களில் வர்ணம் மெல்ல நடந்து வந்து ஒலிபெருக்கிக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை. ஒரு நாள் பக்கத்தில் இருந்த ஆள் பொறுமை இழந்து, "இந்தம்மா வருது வருதுங்குது, வண்டியைக் காணோமே. நம்பலாமா?" என்று கேட்டார்.

வர்ணம் கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து, அறிவிப்பு அறையை நோக்கி நடந்தார்.